டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன், ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் சேலத்திலிருந்தே எடுக்க முடியுமா?

பண்ணவாடிக்காரன் எழுதியது:

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சி, வயது 63, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். பக்கத்திலேயே மூக்கனேரி, மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் பண்ணவாடிப் பக்கம் கெளுத்தி, கெண்டை என்று ஞாயிற்றுக்கிழமை எதையும் வீணாக்கியதில்லை.

மே கடைசியில் மனைவியோடு மகள் வீட்டுக்குப் போகிறோம். டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ என்று ஒரு ஊர். பெங்களூரில் ஏறி அங்கே இறங்குவது, திரும்புவது அக்டோபர் நடுவில். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெரிய ஏரி இருக்கிறது என்று பேரன் வீடியோவில் காட்டினான், அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மருமகன்தான் "மாமா, இங்கே லைசென்ஸ் இல்லாமல் தூண்டிலைத் தண்ணீரில் நனைக்கக்கூட முடியாது" என்று பயமுறுத்துகிறார்.

நம்ம ஊரில் ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு கிலோ மீனை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரமும் சிரித்துக்கொண்டே வரவேற்பார். அங்கே யாரிடம் கேட்பது? டிக்கெட் போட்ட டிராவல்ஸில் விசாரித்தேன், "இன்டர்நேஷனல் ஃபிஷிங் லைசென்ஸ்" எடுத்துத் தருகிறோம், 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கொடுக்கலாமா? வெளிநாட்டில் தூண்டில் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொண்டலாம்பட்டி டு டெக்சாஸ் எழுதியது:

ஐயா, முதலில் அந்த 6,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். டிரைவிங்குக்கு இருப்பது போல மீன் பிடிக்க இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அமெரிக்காவிலேயே நாடு முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக விற்கிறது. டெக்சாஸில் எடுத்தது பக்கத்து ஓக்லஹோமாவில் செல்லாது. யெல்லோஸ்டோன் மாதிரி சில தேசியப் பூங்காக்களுக்குப் போனால் மாநில லைசென்ஸை மதிக்க மாட்டார்கள், பூங்காவே தனி பர்மிட் வைத்திருக்கிறது. ஆகவே லைசென்ஸ் உங்களைப் பார்த்துக் கொடுப்பதில்லை, தண்ணீரைப் பார்த்துக் கொடுப்பது. எந்தத் தண்ணீரில் நிற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

நான் கொண்டலாம்பட்டிக்காரன், டல்லாஸ் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வருடம் அப்பா வந்தபோது அவருக்கு எடுத்துக் கொடுத்ததால் கதை முழுக்கத் தெரியும்.

இங்கே 17 வயது நிறைந்த எல்லோருக்கும் லைசென்ஸ் வேண்டும். மகள் பத்து வருடமாக அங்கே குடியிருந்தாலும் நீங்கள் "நான்-ரெசிடென்ட்", அதாவது வெளியாள்தான், வாங்குவதற்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால்தான் உள்ளூர்க்காரர் கணக்கு. நான் கடைசியாகப் பார்த்தபோது வெளியாட்களுக்கு ஏரி, ஆறு மட்டும் என்றால் ஆண்டுக்கு 58 டாலர், ஒரு நாள் லைசென்ஸ் 16 டாலர். நாலு முறை போனாலே 64 ஆகிவிடும், உங்கள் பைத்தியத்துக்கு ஆண்டு லைசென்ஸ்தான் சரி. ஆனால் அதில் ஒரு சிக்கல். "ஆண்டு" என்றால் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் இல்லை, எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பரிலும் போகவேண்டும் என்றால் புதிதாக ஒன்று வாங்கவேண்டும், அல்லது செப்டம்பருக்கு மட்டும் ஒரு நாள் லைசென்ஸாக எடுத்துச் சமாளிக்கலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டுக்கு 58 கொடுப்பது தகுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, ஆன்லைனில் எடுக்கப் போனால் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அதாவது இங்கே அரசாங்கம் ஆளுக்கொன்று கொடுக்கும் எண், கேட்கும். மீன் பிடிக்க எதற்கு அது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. 1996-ல் வந்த மத்திய சட்டம் ஒன்றின் வேலை அது. விவாகரத்தான பிறகு குழந்தைக்கு ஜீவனாம்சம் கட்டாமல் ஓடுகிறவர்களைப் பிடிக்க, லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் எல்லாம் அந்த நம்பரை வாங்கச் சொல்லிவிட்டார்கள், அதில் தூண்டிலும் மாட்டிக்கொண்டது. விசிட்டர் விசாவில் வருகிறவருக்கு அந்த நம்பர் இருக்காது. மருமகனுடைய நம்பரைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், லைசென்ஸ் பிடிப்பவர் பெயரில், அவருடைய விவரத்தோடு இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நேரில் போங்கள். வால்மார்ட்டில் விளையாட்டுச் சாமான் பக்கம், அகாடமி மாதிரி விளையாட்டுச் சாமான் கடைகள், ஏரிக்கரையில் இரை விற்கும் கடைகள் எல்லாவற்றிலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு பாஸ்போர்ட்டை வைத்துப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

செவ்வாய்ப்பேட்டை 77 எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? நான் நியூ ஜெர்ஸியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன், வாரம் ஒரு முறை போய் உட்கார்ந்தேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வயதானவர்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பேசாமல் போய்ப் போடுங்கள் சார்.

கொண்டலாம்பட்டி டு டெக்சாஸ் எழுதியது:

அண்ணா, உங்களுக்கு நல்ல நேரம், அவ்வளவுதான். இங்கே கேம் வார்டன் என்பவர் நம்ம ஊர் ஏரி வாட்ச்மேன் கிடையாது, முழு போலீஸ் அதிகாரம் உள்ளவர், இடுப்பில் துப்பாக்கியோடு படகில் வருவார். லைசென்ஸ் இல்லாவிட்டால் டெக்சாஸில் 25 முதல் 500 டாலர் வரை அபராதம் போடலாம். பணம் போனால் போகட்டும், அது சட்டப்படி ஒரு சிறு குற்றம். அடுத்த முறை விசாவுக்கு டி.எஸ்.160 படிவம் நிரப்பும்போது எந்தக் குற்றத்துக்காவது கைதாகியோ தண்டனை பெற்றோ இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன எழுதுவது என்று உட்கார்ந்து முழிக்கவேண்டும். பேரனைப் பார்க்க வருகிறவர் ஒரு கெளுத்திக்காக அந்தத் தலைவலியை ஏன் வாங்கவேண்டும்?

ஏற்காடு மிளகு எழுதியது:

நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம், சின்னதாகக் காப்பி, மிளகு. அமெரிக்கா போனதில்லை, சிட்னியில் தம்பி இருக்கிறான், இரண்டு தடவை போயிருக்கிறேன். லைசென்ஸ் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு நானே சாட்சி.

நியூ சவுத் வேல்ஸில் எடுப்பது ரொம்ப சுலபம். போனில் பணம் கட்டினால் ரசீது வந்துவிடும், அதுதான் லைசென்ஸ். நான் எடுத்தபோது மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14. கடல், ஆறு இரண்டுக்கும் ஒன்றே. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆஹா, நம்ம ஏற்காடு ஏரியில் படகுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாத லைசென்ஸா என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு, தம்பி வீட்டுப் பக்கத்துப் படகுத்துறையில் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தேன். இறால் துண்டு இரை. ஆறு மணிக்குள் பிரீம் என்கிற மீன் மூன்று. வெள்ளியில் செய்தது போல இருக்கும், நம்ம ஊர் ஜிலேபி மீனை விடக் கொஞ்சம் நீளம்.

அப்போது அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போனைக் காட்டினேன், சரி என்றார். பிறகு வாளியைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். ஜவுளிக்கடையில் துணி அளப்பது போல ஒவ்வொரு மீனாக வைத்து அளந்தார். பிரீம் 25 சென்டிமீட்டராவது இருக்கவேண்டுமாம். ஒன்று 23. எனக்கு வியர்த்துவிட்டது. புதியவர் என்பதால் எச்சரித்து விடுகிறேன், சின்னதைத் தண்ணீரில் விடுங்கள், அடுத்த முறை அளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை வாளியில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, இரண்டு மீனாவது மிஞ்சியதே என்று எழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்கிறார், இதைச் சாப்பிடவா போகிறீர்கள் என்று. சிட்னி துறைமுகத்தில் அந்தப் பெரிய பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற மீன் எதையும் சாப்பிடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பழைய தொழிற்சாலைகளின் டயாக்சின் நஞ்சு அடிச்சேற்றில் தங்கிவிட்டது, 2006-ல் அந்தத் துறைமுகத்தில் வியாபாரத்துக்கு மீன் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்குக் கிழக்கே பிடித்தாலும் அளவாகத்தான் சாப்பிடவேண்டும். நான் உட்கார்ந்திருந்தது மேற்கே. வீட்டில் தம்பி மனைவி மிளகாய்த்தூள், மஞ்சள் பிசைந்து தயாராக வைத்திருந்தாள், நான் காலி வாளியோடு போனேன். அன்று இரவு அந்த மசாலாவில் வறுத்தது கத்தரிக்காய்.

அதனால் சார், லைசென்ஸ் வாங்கும் அன்றைக்கே அந்த ஏரியில் என்ன மீன், எவ்வளவு நீளம், ஒரு நாளைக்கு எத்தனை, சாப்பிடலாமா, இந்த நாலையும் கேட்டுவிடுங்கள்.

பண்ணவாடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது. மிளகு சார், கத்தரிக்காய் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன், "நீங்களும் அப்படித்தான் வரப்போகிறீர்கள்" என்கிறாள்.

டெக்சாஸ் தம்பிக்கு இன்னும் சில சந்தேகங்கள். என்னிடம் நல்ல வீச்சு வலை ஒன்று இருக்கிறது, கொண்டு வரலாமா? கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து வைத்திருக்கிற இரை? தூண்டிலை விமானத்தில் விடுவார்களா? பேரனுக்கு எட்டு வயது, அவனுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் அவன் பெயரைச் சொல்லி நான் பிடிக்கலாமா? மீதி மீனை அங்கே இந்தியன் கடையில் கொடுத்தால் வாங்குவார்களா?

கொண்டலாம்பட்டி டு டெக்சாஸ் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் ஐயா. விற்கவே கூடாது. பொழுதுபோக்கு லைசென்ஸ் அதற்கில்லை, விசிட்டர் விசாவும் அதற்கில்லை.

பேரன் விஷயம் எல்லோரும் கேட்பது. அவன் தூண்டிலுக்கு இரை கோர்த்துக் கொடுங்கள், மாட்டிய மீனை முள்ளிலிருந்து எடுத்துக் கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் வீசுவதும் நீங்கள், சுண்டி இழுப்பதும் நீங்கள், அவன் பக்கத்தில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் பிடிப்பது யார் என்று வார்டனுக்குத் தெரியாதா?

வலையை வீட்டிலேயே வையுங்கள். வீச்சு வலைக்கு இங்கே விட்டம் 14 அடிக்கு மேல் இருக்கக் கூடாது, அதிலும் சில வகை மீனைத்தான் எடுக்கலாம், ஊருக்குள் இருக்கும் சின்ன ஏரிகளில் தூண்டிலைத் தவிர எதுவுமே கூடாது. அந்த மாதிரி ஏரிகளில் ஆளுக்கு இரண்டு தூண்டில், கெளுத்தி ஒரு நாளைக்கு ஐந்து. புண்ணாக்கும் வேண்டாம், கஸ்டம்ஸில் அதை என்னவென்று விளக்குவீர்கள்? மண்புழு வால்மார்ட்டிலேயே டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்கிறான், நம்ம ஊர் தயிர் மாதிரி. கெண்டைக்கு ரொட்டியைப் பிசைந்து உருட்டினாலே போதும். தூண்டில் என்றால் மடக்குவது இருந்தால் பெட்டிக்குள் வையுங்கள், முள், கத்தரி எதையும் கைப்பையில் வைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அதுவும் தேவையில்லை, இங்கே 25 டாலருக்கு ராடும் ரீலும் சேர்த்தே கிடைக்கும், போகும்போது பேரனிடம் விட்டுவிட்டுப் போகலாம்.

மீன் பற்றி. இங்கே எல்லோரும் பித்துப்பிடித்துத் தேடுவது லார்ஜ்மவுத் பாஸ். பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடவேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து. ஏரிக்கு ஏரி மாறும், அவுட்டோர் ஆனுவல் என்று மாநிலத்தின் ஆப் இருக்கிறது, ஏரி பெயரைப் போட்டால் வரும். நம்ம ஆட்கள் தேடும் சாதாக்கெண்டையை இவர்கள் மீனாகவே மதிப்பதில்லை, அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. உங்கள் மூக்கனேரி ஜிலேபி இங்கே தீங்கான அந்நிய மீன் பட்டியலில் இருக்கிறது! உயிரோடு வாளியில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, பிடித்த இடத்திலேயே தலையை அல்லது குடலை எடுத்துவிடவேண்டும்.

நல்ல சேதி இரண்டு. ஜூன் முதல் சனிக்கிழமை டெக்சாஸ் முழுக்க இலவச நாள், யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம், நீங்கள் மே கடைசியில் வருவதால் சரியாக மாட்டுகிறது. இன்னொன்று, ஸ்டேட் பார்க் என்கிற மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ அங்கே கட்டியிருக்கும் மேடையிலோ நின்று பிடித்தால் வருடம் முழுக்கவே லைசென்ஸ் வேண்டாம், நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஃப்ரிஸ்கோவிலிருந்து வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரி ஸ்டேட் பார்க் இருக்கிறது. படகில் ஏறினால் லைசென்ஸ் வேண்டும். இலவசம் என்பது கட்டணத்துக்குத்தான், அளவு, எண்ணிக்கை எல்லாம் அன்றும் உண்டு.

அஸ்தம்பட்டி பாட்டி வீடு எழுதியது:

கேள்வி டெக்சாஸ் பற்றி என்றாலும், இதைத் தேடி வருகிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கணவர் வேலையால் இங்கிலாந்தில் ஐந்து வருடம், ஜெர்மனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அஸ்தம்பட்டிக்கே திரும்பிவிட்டோம். வீட்டில் தூண்டில்காரி நான்தான், அவர் சும்மா துணைக்கு வருவார்.

இங்கிலாந்தில் ராட் லைசென்ஸ் ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று வாங்கலாம், ஆன்லைனிலேயே கிடைக்கும். அதை வாங்கியதும் குளத்துக்குப் போய் உட்கார்ந்துவிட முடியாது. குளம் யாருடையதோ அவரிடம் தனியாக டே டிக்கெட் வாங்கவேண்டும். ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று குத்தகைக்காரருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரை ஆறுகளில் கெண்டை வகை மீன்களைப் பிடிக்கவே கூடாது, முட்டையிடும் காலம். லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை போகலாம். கடலில் தூண்டிலுக்கு லைசென்ஸே வேண்டாம். கெண்டையைப் பிடித்து முத்தம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள், நான் குழம்பு வைப்பேன் என்று ஒரு முறை சொன்னதற்கு நாயைத் தின்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஜெர்மனி நேர் எதிர். அங்கே பரீட்சை எழுதவேண்டும், மீனின் உறுப்பு, வகை, எப்படி வலி தெரியாமல் கொல்வது என்று எல்லாம் படிக்கவேண்டும். சாப்பிடும் எண்ணமே இல்லாமல் சும்மா பிடித்துப் பிடித்து விடுவது விலங்கு வதைச் சட்டத்தில் வரும். சில மாநிலங்களில்தான் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரீட்சை இல்லாமல் கொஞ்ச நாளுக்குக் கொடுக்கிறார்கள்.

சிங்கப்பூரில் லைசென்ஸே கிடையாது, ஆனால் நீர்த்தேக்கங்களில் குறித்துவைத்த இடத்தில் மட்டும்தான், அதுவும் செயற்கை இரை மட்டும்தான், மண்புழு கூடாது. நியூசிலாந்துக்குப் போகிறவர்கள் பழைய தூண்டில், பூட்ஸ் எதையாவது கொண்டுபோனால் கழுவிக் காயவைத்து ஏர்போர்ட்டில் கட்டாயம் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பாசி அங்கே ஆறுகளைப் பாழாக்கி 2004-லிருந்து அவர்களுக்குப் பெரிய தலைவலி. கடலில் இலவசம், ஆற்று டிரவுட்டுக்கு லைசென்ஸ். அந்த ஊரில் டிரவுட்டைக் கடையில் விற்கவே கூடாது என்று சட்டம், சாப்பிட ஆசை என்றால் பிடித்துத்தான் ஆகவேண்டும். எனக்குப் பிடித்த சட்டம் அது.

பண்ணவாடிக்காரன் எழுதியது:

ஃப்ரிஸ்கோவிலிருந்து எழுதுகிறேன், வந்து மூன்று வாரம் ஆகிறது. இலவச சனிக்கிழமை போனோம், ரே ராபர்ட்ஸ் கரை. வெயில் நம்ம சித்திரை வெயிலுக்குக் குறைவில்லை. எனக்கு உள்ளங்கை அளவு சூரியமீன் இரண்டு, பேரனுக்கு ஒரு கெளுத்தி. அவன் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மானம் போனதால் திங்கட்கிழமையே மருமகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஆண்டு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் போதுமானதாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் உயரம், எடை கேட்டுவிட்டுக் கண் என்ன நிறம், முடி என்ன நிறம் என்று கேட்டது. கண் கறுப்பு என்று சொல்லிவிட்டேன், முடிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன், அவள் "வெள்ளை என்று போடச் சொல்லுங்கள், டை என்று ஒரு கட்டம் இருக்காது" என்றாள். நேற்று லூயிஸ்வில் ஏரியில் மூன்று கிலோ வரும் சாதாக்கெண்டை ஒன்று, ரொட்டி உருண்டைக்கு. பக்கத்தில் நின்றவர் இதை என்ன செய்வீர்கள் என்று பரிதாபமாகக் கேட்டார். வார்டன் வரவில்லை, வந்து கேட்டிருந்தால் காட்டியிருக்கலாமே என்று எனக்குத்தான் ஏமாற்றம்.

இன்னும் ஒன்று. ஜூலையில் மருமகன் டெக்சோமா ஏரிக்குப் படகில் கூட்டிப்போகிறாராம், அது பாதி டெக்சாஸ், பாதி ஓக்லஹோமா என்கிறார்கள். தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்?

கொண்டலாம்பட்டி டு டெக்சாஸ் எழுதியது:

வாழ்த்துகள் ஐயா! கோடு இல்லை, ஆனால் எல்லை இருக்கிறது, உங்கள் லைசென்ஸ் டெக்சாஸ் பக்கத் தண்ணீருக்கு மட்டும்தான். அந்த ஏரிக்கென்றே டெக்சோமா லைசென்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு, 12 டாலர், இரண்டு பக்கமும் செல்லும். கரையில் இருக்கும் இரைக் கடையிலேயே கேளுங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், முடிக்கு அதே நிறத்தைச் சொல்லுங்கள்.